எதை வெளியே கொடுப்பது, எதைக் கடையிலேயே வைத்துக்கொள்வது: செட்டிநாட்டு இணையக் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இணையத்தில் கடை நடத்துவோரைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். சீடை, தேன்குழல், மணகோலம், மசாலாப் பொடி என்று உண்பொருள் விற்பவர்கள் ஒரு வகை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை விற்பவர்கள் இன்னொரு வகை. ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்), ஓலைக் கொட்டான் (கூடை), பழைய வீட்டுச் சாமான் என்று கனமானதும் உடையக்கூடியதும் இடத்தை அடைப்பதுமான பொருள்களை விற்பவர்கள் மூன்றாம் வகை. வாரத்துக்கு நாலைந்து ஆர்டர் வரும்வரை எல்லா வேலையையும் வீட்டிலேயே பார்த்துவிட முடியும். ஆர்டர் நாள்தோறும் வரத் தொடங்கியதும் பேக்கிங், அனுப்புதல், கேள்விக்குப் பதில், விளம்பரம், படம், கணக்கு, இணையதளப் பராமரிப்பு என்று வேலைகள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. அப்போதுதான் எதற்கு ஆள் வைப்பது, எதை வெளியாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுகிறது.

பெரும்பாலோர் இதற்கு இரண்டு தொகைகளை எழுதி, குறைவானதைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுகிறார்கள். செலவு முக்கியந்தான் என்றாலும், அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. இந்த வேலையில் பிழை நேர்ந்தால் அது யாருடைய கண்ணில் முதலில் படும்? இந்த வேலையைச் செய்யும்போது கிடைக்கும் அறிவு அடுத்த முறை சரக்குப் போடுவதற்கு உதவுமா? பிழை வாடிக்கையாளர் கையில்தான் வெளிப்படும் என்றால், அல்லது அந்த அறிவு சரக்கோடு பின்னிக் கிடக்கிறது என்றால், வெளியார் மலிவாகக் கேட்டாலும் அந்த வேலையைக் கடையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. எந்த ஊரில், எந்தப் பொருளுக்குச் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கும் வேலை என்றால், தயங்காமல் வெளியே கொடுத்துவிடலாம்.

ஒப்பிடவே தேவையில்லாதவை

இணையத்தில் கார்டு வழியாகப் பணம் வாங்கும் வேலையை யாரும் கடைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. வாடிக்கையாளரின் கார்டு விவரங்களை வணிகர்கள் தம்மிடம் சேமித்து வைக்க 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. எனவே பணத்தை வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் பேமெண்ட் கேட்வே சேவை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, விற்பனைத் தொகையில் சுமார் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இணையதளத்தின் சர்வரும் அப்படியே. ஷாப்பிஃபை போன்ற தயார் நிலைக் கடையை வாடகைக்கு எடுப்பதா, வூகாமர்ஸ் என்ற மென்பொருளில் ஒருவரை வைத்துக் கட்டுவதா என்பது வசதியைப் பொறுத்தது. ஆனால் டொமைன் பெயரும் (தளத்தின் இணைய முகவரி) நிர்வாகக் கடவுச்சொல்லும் கடைக்காரர் பெயரில், கடைக்காரரின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் பெயரில் டொமைன் பதிவாகியிருந்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும், அவர் வேலை மாறிப் போகும் நாளில் கடை பூட்டிக்கிடக்கும்.

பேக்கிங்கும் கிடங்கும்

இந்த முடிவில் மிகுதியான பணமும் மிகுதியான மனக்கசப்பும் இங்கேதான் இருக்கின்றன; ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. எடுத்துக்காட்டாக, பேக்கிங்குக்கென்று ஒரு பெண்ணை மாதம் 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் வைத்திருப்பதாகவும், வெளிக் கிடங்கு நடத்துபவர் பார்சல் ஒன்றுக்கு 40 ரூபாய் கேட்பதாகவும் கொள்வோம். மாதம் 300 பார்சல் போனால் இரண்டு வழிக்கும் ஒரே செலவு. 450 போனால் கடையில் கட்டுவது ஒன்றுக்கு 27 ரூபாய்க்கும் கீழே இறங்குகிறது. 150 மட்டுமே போகும் மந்தமான மாதத்தில் அதுவே 80 ரூபாயாக ஏறுகிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நாளுக்கு நூறு ஆர்டர் வந்தால் ஒரு ஆளால் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் போகும் சேலைக் கடைக்கும், ஐப்பசியில் மட்டும் பொங்கி வழியும் பலகாரக் கடைக்கும் இந்தக் கணக்கு ஒரே விடையைத் தராது. மேலும், வெளிக் கிடங்குகள் பல, பார்சல் குறைவாகப் போனாலும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதத் தொகை ஒன்றையும் இடவாடகையையும் தனியே வாங்குகின்றன. 40 ரூபாய் என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

அடுத்து, அந்தக் கிடங்கு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய கிடங்குகள் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு போன்ற நகரங்களை ஒட்டியே இருக்கின்றன. சரக்கை லாரி பார்சலில் அங்கே அனுப்பிவைத்துப் பிறகு அங்கிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்புவது என்றால், விற்கப்போகும் சரக்கை முன்கூட்டியே ஊகித்து ஏற்றியாக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் உள்ள கிடங்கு என்றால் அதை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். கர்நாடகத்தில் உள்ள கிடங்கு என்றால் அந்த மாநிலத்திலேயே தனிப் பதிவு எடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கணக்கும் தனித் தாக்கலும் வந்து சேரும். உண்பொருளாக இருந்தால் கிடங்குக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். பார்சல் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இத்தனையையும் தலையில் ஏற்றிக்கொள்வது சிறிய கடைக்குத் தகாது என்பது என் கருத்து.

பலகாரத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. இணையவழி விற்கும் உண்பொருள் வாடிக்கையாளர் கைக்குச் சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சொல்கிறது. பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காமல் சுடும் தேன்குழலுக்கு 30 நாள் ஆயுள் என்று லேபிளில் போட்டால், அதில் 9 நாள் மீதம் இருக்கும்படி கொண்டுசேர்க்க வேண்டும். சட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து கையில் இருப்பது 21 நாள்தான். லாரியில் இரண்டு நாள், கிடங்கில் பத்து நாள், கூரியரில் நான்கு நாள் என்று போனால், எஞ்சியிருப்பது ஐந்தே நாள். கிடங்கில் விற்காமல் இன்னும் ஒரு வாரம் தங்கிய சரக்கு, கெட்டுப் போகாமலேயே விற்க முடியாத சரக்காகிவிடும். ஆகையால் பலகாரம் விற்பவர்கள் சுடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டி, அன்றன்றே அனுப்புவது ஒன்றே சரி. ஆயுள் நீண்ட மசாலாப் பொடியை வேண்டுமானால் வெளிக் கிடங்கில் வைத்துப் பார்க்கலாம்.

கட்டுவதிலும் ஓர் அறிவு இருக்கிறது. சீடை தாங்கும், தேன்குழல் நொறுங்கும். எதை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது, டப்பாவை எவ்வளவு நெருக்கமாக நிரப்புவது, மழைக்காலத்தில் நமத்துப் போகாமல் எப்படி மூடுவது என்பதெல்லாம் சுட்டவருக்குத் தெரியும். கொட்டானில் இது நேரடியாகப் பணமாகவே தெரியும். கூரியர் நிறுவனங்கள் பொதுவாகப் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 30-க்கு 30-க்கு 20 அளவுள்ள பெட்டியில் ஒரு கொட்டானை வைத்தால், கொட்டான் அரைக் கிலோகூட இல்லாவிட்டாலும் 3.6 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதே பெட்டியில் பெரிய கொட்டானுக்குள் நடுத்தரமும் அதற்குள் சிறியதுமாக அடுக்கி மூன்றை ஒரே தொகுப்பாக விற்றால், கூரியர் செலவு மூன்றுக்கும் பங்காகிவிடும். வெளிக் கிடங்கில் இருப்பவர் பட்டியலில் உள்ள எண்ணைப் பார்த்துக் கையில் கிடைத்த அட்டைப்பெட்டியில் போடுவார். இப்படி அடுக்கிப் பார்க்க அவருக்குத் தேவை இல்லை, அதற்கு அவருக்குக் கூலியும் இல்லை.

சேலைக்கு இந்தக் கவலைகள் குறைவு. மடித்த சேலை நொறுங்காது, நமத்துப் போகாது, இடத்தை அடைக்காது. மாதம் முந்நூறைத் தாண்டி ஒரே சீராகப் போகாத நிலையில், சேலைக் கடைக்காரர் பேக்கிங்கை வெளியே கொடுத்தால் பெரிய இழப்பு ஏதும் இல்லை. ஆனால் திரும்பி வரும் சேலையைப் பிரித்துப் பார்த்து, கட்டிப் பார்த்ததா, கறை உண்டா, மாற்றுச் சேலையை வைத்து அனுப்பியிருக்கிறார்களா என்று சோதிக்கும் வேலையை மட்டும் நெசவு தெரிந்த கண்தான் செய்ய முடியும். போவது கிடங்கிலிருந்து போகட்டும். திரும்புவது கடைக்கே திரும்பட்டும்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அது கூரியரில் போகும் பொருளல்ல. பெட்டியில் அடுக்கி லாரியில்தான் போகும். பட்டறையிலேயே ஏற்றிவிடுவதை விட்டுவிட்டு நடுவில் ஒரு கிடங்கைச் சேர்த்தால், ஏற்றி இறக்கும் இடம் ஒன்று கூடும், உடைவும் கூடும்.

அனுப்புதல்

பார்சலை ஊர் ஊராகக் கொண்டுபோவதை யாரும் சொந்தமாகச் செய்யப் போவதில்லை. ஒரே கூரியரோடு நேரடியாக ஒப்பந்தம் வைப்பதா, ஷிப்ராக்கெட் போன்ற பல கூரியர்களை ஒன்றாக இணைக்கும் சேவையின் வழியாகப் போவதா, அஞ்சலகத்தில் கொண்டுபோய்ப் போடுவதா என்பதே இங்கே தேர்வு. இணைப்புச் சேவையில் பின்கோடுக்கு ஏற்பக் கூரியரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாம் சொன்னதைவிட எடை கூடுதல் என்று கூரியர் பணம் பிடிக்கும் எடைத் தகராறு வந்தால், சில நாளுக்குள் படத்தோடு மறுப்புத் தெரிவிக்காவிட்டால் பிடித்த பணம் போனதுதான். ஆகவே ஒவ்வொரு பார்சலையும் தராசின்மேல் வைத்துப் படம் எடுப்பதைக் கடையில் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் இருப்பவர்கள், கூரியர் ஆள் நாள்தோறும் வந்து எடுப்பாரா என்பதைக் கட்டணத்துக்கு முன்பாகவே கேட்டுக்கொள்வது நல்லது. வட மாநிலக் கிராமத்துக்கும் மலைப்பகுதிக்கும் அஞ்சல் துறை போய்ச் சேரும் அளவுக்குத் தனியார் கூரியர்கள் போவதில்லை.

பொருள் கிடைத்ததும் பணம் தரும் முறையை வைத்தால் வாங்காமல் திருப்பி அனுப்பப்படுபவை கூடும். போகவும் வரவும் கூரியர் செலவு கடைக்காரர் தலையில் விழும். திரும்பிய சேலையை மறுபடி விற்கலாம், பன்னிரண்டு நாள் ஊர் சுற்றி வந்த சீடையை விற்க முடியாது. எனவே அந்த முறையில் வரும் பலகார ஆர்டர்களை அனுப்புவதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் உறுதி செய்யும் வேலை கடையில் இருப்பவரிடமே இருக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா ஆர்டர்கள் வருபவர்களுக்கு ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். அதற்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். சுங்க ஆவணங்களை நாமே கற்றுக்கொள்வதைவிட, அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையம் வழியாகவோ ஏற்றுமதி முகவர் வழியாகவோ அனுப்புவது எளிது. ஆண்டுக்குச் சில முறையே வரும் வேலையைக் கற்பதற்கு ஒரு மாதம் செலவிடுவது வீண்.

கேள்விக்குப் பதில் சொல்வது

இதை வெளியே கொடுக்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அதற்கான காரணம் பலரும் சொல்வதுபோல வெறும் கனிவு மட்டுமன்று. வெளிநிறுவனத்தில் பதில் சொல்பவரும் கனிவாகத்தான் பேசுவார். அவருக்குத் தெரியாதது சரக்கு. "கடலை எண்ணெயில் சுட்டதா, ஆச்சி?" என்று கேட்பவருக்கும், "போன தடவை வந்ததைவிட இந்தத் தடவை மாவு கரகரப்பாக இருக்கிறதே" என்று சொல்பவருக்கும் சட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரால்தான் பதில் சொல்ல முடியும். இரண்டாவது வாக்கியம் புகாராக வந்தாலும், மில்லில் அரைத்ததில் என்ன மாறியது என்று அன்றைக்கே விசாரிக்க வைக்கும் தகவல் அதில் இருக்கிறது. வெளியில் இருப்பவர் அதற்கு மன்னிப்புக் கேட்டு, புகார்ப் பதிவை மூடிவிடுவார். தகவல் அங்கேயே நின்றுவிடும்.

கல் விற்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையானது. 12-க்கு 10 அடி அறைக்கு எத்தனை கல் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். எட்டு அங்குலக் கல் என்றால் 120 சதுர அடிக்கு 270 கல் என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் ஓரத்தில் பார்டர் கல் வருமா, வாசற்படி எந்தப் பக்கம், வெட்டில் போவதற்கும் பின்னாளில் மாற்றுவதற்கும் எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும், பதிக்கப்போகும் கொத்தனார் இந்தக் கல்லை முன்னே பதித்தவரா என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். இது சூளையில் சுடாத கல். கண்ணாடித் தட்டின்மேல் கையால் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் போட்டு இறுக வைப்பது. ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் சாயலில் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதை ஆர்டருக்கு முன் சொன்னால் வாடிக்கையாளர் விரும்பி வாங்குவார். சரக்கு இறங்கிய பின் சொன்னால் அதுவே குறையாகிவிடும்.

சட்டமும் இதைக் கடைக்காரரிடமே விடுகிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, கடை நியமிக்கும் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, எண் ஆகியவற்றை வெளியாரிடம் கொடுத்து வேலை வாங்கினாலும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை அவற்றைத் திரட்டியவர்மீதே வைக்கிறது. பார்சல் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியே நாள்தோறும் வரும் கேள்விகளில் பாதி என்றால், அதற்கு வாட்ஸ்அப்பில் தானாகப் போகும் செய்தியை அமைத்துக்கொள்வது போதும், ஆள் வேண்டியதில்லை.

படமும் விளம்பரமும்

படம் எடுப்பதை வெளியே கொடுக்கலாம். ஆனால் கண்டாங்கியின் அரக்கையும் மஞ்சளையும் படக்காரர் கணினியில் மெருகேற்றிவிட்டால், சேலை திரும்பி வருவதற்கு அதுவே காரணமாகும். படம் வந்ததும் பகல் வெளிச்சத்தில் சேலையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் வேலையைக் கடைக்காரர் விடக் கூடாது. விவரக் குறிப்பை எழுதுவதும் அவ்வாறே.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, ஒரு பார்சலில் தமக்கு என்ன மிஞ்சுகிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் ஏஜென்சியிடம் போகவே வேண்டாம். 350 ரூபாய்க்கு விற்கும் பலகாரத்தில் 5 சதவீத ஜிஎஸ்டி போக 333 ரூபாய். அதில் சரக்கு 170, பேக்கிங் 20, கூரியர் 70, பேமெண்ட் கேட்வே 8 என்று வைத்தால் மிஞ்சுவது 65 ரூபாய். ஆர்டர் ஒன்றைக் கொண்டுவர விளம்பரத்துக்கு 100 ரூபாய் ஆனால், எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று ஏஜென்சி காட்டும் வண்ணப் படங்களால் பயனில்லை. முதல் சில மாதம் சிறு தொகையில் தாமே போட்டுப் பார்த்து, இந்த எண்ணை அறிந்த பிறகு வெளியே கொடுத்தால், எதைக் கேட்பது என்பது தெரியும். விளம்பரக் கணக்கும் கடையின் பெயரிலேயே இருக்கட்டும்.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற சந்தைகளில் விற்பதும் ஒரு வகையில் விளம்பரத்தையும் வாடிக்கையாளரையும் சேர்த்து வெளியே கொடுப்பதுதான். புது ஆள்களைக் கொண்டுவர அது உதவும். ஆனால் வாங்கியவர் அந்தச் சந்தையின் வாடிக்கையாளராகவே இருப்பார், அடுத்த தீபாவளிக்கு அவரை நாம் அழைத்துச் சொல்ல முடியாது.

கணக்கு

பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் முதலாளிகள் பலர், மூன்று ஆண்டுத் தவணைக்கு ஏஜென்டை அனுப்பி, அன்றாடக் கொடுக்கல் வாங்கலை அவர் பொறுப்பில் விட்டார்கள். கணக்கு மட்டும் ஊருக்கு வந்து சேர வேண்டும். இணையக் கடைக்கும் இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்துகிறது. ஜிஎஸ்டி தாக்கலை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது. தேதி தவறினால் அபராதம் வரும். ஆனால் நாள்கணக்கைக் கடையில்தான் எழுத வேண்டும். சந்தைகள் விற்பனைத் தொகையில் கமிஷனையும் கூரியரையும் பிடித்துக்கொண்டு, 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமாகக் குறைந்த, அரசுக்காகப் பிடிக்கும் ஜிஎஸ்டி மூலவசூலையும், அதே ஆண்டு அக்டோபர் முதல் 0.1 சதவீதமாகக் குறைந்த வருமான வரிப் பிடித்தத்தையும் கழித்து, பல ஆர்டர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகையாக வங்கியில் போடுகின்றன. எந்த ஆர்டருக்கு எவ்வளவு வந்தது, திரும்பிய பொருளுக்குக் கமிஷன் திருப்பித் தரப்பட்டதா, கூரியர்காரர் வசூலித்த ரொக்கம் முழுவதும் வந்து சேர்ந்ததா என்று வாரத்துக்கு ஒரு முறை நேர் செய்யாவிட்டால், ஆடிட்டர் வங்கிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க மாட்டார்; அது அவர் வேலையும் அன்று.

ஒப்படைக்கும் முறை

வெளியாரோடு எழுதும் ஒப்பந்தத்தில் விலையைவிட விலகும் வழியைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும். உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் யார் பொறுப்பு, மீதச் சரக்கை எத்தனை நாளில் திருப்புவார்கள், அதற்குக் கட்டணம் உண்டா, வாடிக்கையாளர் பட்டியலை எந்த வடிவில் தருவார்கள் என்ற நான்கும் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். சேலைக் கடைக்காரர் பேக்கிங்கை வெளியே கொடுப்பது என்று முடிவு செய்தால், முதலில் ஒரு ரகத்தை மட்டும், ஐம்பது பார்சல் அளவுக்கு அனுப்பிப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற காலம் ஆடி. முகூர்த்தங்கள் ஓய்ந்திருக்கும், தீபாவளி ஆர்டர் இன்னும் தொடங்கியிருக்காது. தவறு நேர்ந்தால் திருத்த இரண்டு மாதத்துக்குமேல் கையில் இருக்கும். போன பார்சல்களில் திரும்பி வர வேண்டியவை எல்லாம் ஆவணிக்குள் வந்துவிடும். அவற்றையும் சேர்த்துக் கணக்கைப் பார்த்துவிட்டு, புரட்டாசி பிறப்பதற்கு முன் மற்ற ரகங்களைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கலாம்.